பெட்டியின் மேல் பழி

தானியங்கிக் கியர் வண்டிகள் நம் நாட்டுச் சாலைகளை நிறைத்துவிட்ட இந்நாளிலும், கையால் கியர் மாற்றும் பழைய கார்களைக் கைவிட மனமில்லாதவர் பலர் உள்ளனர். அவர்களுள் நானும் ஒருவன். இத்தகைய கார் தன் நோயைத் தானே சொல்லும். கியர் விழ மறுப்பதும், விழும்போது கரகரப்பதும், விழுந்தபின் தானே கழன்றுகொள்வதும் அதன் மொழி. அம்மொழி அறியாதவன் பணத்தை இழப்பான். ஆத்திரப்பட்டுக் கியர்க்கம்பியை முரட்டுத்தனமாகத் தள்ளுபவன் வண்டியையே இழப்பான்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய புரோட்டோன் சாகா. 1985ஆம் ஆண்டில் மலேசியாவின் சொந்தக் கார் என்னும் பெருமையோடு வெளிவந்த இனத்தைச் சேர்ந்தது. ஒருநாள் அதன் முதல் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் கியரோ, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. பட்டறை ஒன்றில் காட்டினேன். பட்டறைக்காரர் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். "பெட்டியை இறக்க வேண்டும், உள்ளே எல்லாம் தேய்ந்திருக்கும்" என்றார். அவர் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது.

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர், இளமையில் ரப்பர்த் தோட்டத்து லாரி ஓட்டியவர். செய்தியைக் கேட்டதும் வெளியே வந்தார்.

"எஞ்சினை அணைச்சிட்டுக் கியரைப் போட்டுப் பாருங்க, தம்பி."

போட்டேன். எல்லாக் கியர்களும் தடையின்றி விழுந்தன.

"பெட்டி மேல பழி போடாதீங்க. கிளட்ச் பிடியை விடலே" என்றார் அவர்.

அந்தச் சோதனையின் பொருள் எளியது. கிளட்ச் மிதியை அழுத்தினால் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் உள்ள தொடர்பு முற்றும் அறுபட வேண்டும். அறுபடாமல் சிறிது ஒட்டியிருந்தால், நின்ற வண்டியிலும் பெட்டியின் உள்தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் பற்களோடு நிற்கும் பற்கள் எப்படிப் பொருந்தும்? எஞ்சின் ஓய்ந்ததும் தண்டும் ஓய்கிறது, கியர் விழுகிறது. எஞ்சின் அணைந்த நிலையிலும் கியர் முரண்டு பிடித்தால்தான் கியர்க்கம்பியின் இணைப்புகளையோ பெட்டியையோ ஐயுற வேண்டும்.

என் வண்டியில் மிதியையும் கிளட்சையும் இணைக்கும் கம்பிவடம் நைந்து நீண்டிருந்தது. வேறொரு பட்டறையில் அதை மாற்றினோம். பெட்டியின் ஓர் ஆணியைக்கூடக் கழற்றவில்லை. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சாக இருந்தால், முதலில் அந்த எண்ணெயின் அளவையும் கசிவையும் பார்க்க வேண்டும்.

பிற அடையாளங்களையும் பெரியவர் சொல்லித் தந்தார். ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் கரகரத்தால், வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியர்களும் கடினமானால், கிளட்சோடு கியர் எண்ணெயின் அளவையும் தரத்தையும் பார்ப்பது நலம். எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் கொள்ளாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது என்று அறியலாம்.

இவற்றுள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாதது, கியர் தானே கழன்றுகொள்ளும் கோளாறு. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். அங்கே கியர் கழன்றால், எஞ்சின் தரும் தடை போய்விடும். குடும்பத்தோடு இறங்கும் வண்டியின் பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் எத்துணை நேரம் தாங்கும்? அங்கே சிக்கனம் பார்ப்பது அறிவுடைமையன்று. பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.

எனவே பெட்டியை இறக்கவே கூடாது என்பது என் வாதமன்று. விசாரித்தபின் இறக்குங்கள் என்பதே. மிதியைப் பார்த்து, வடத்தைப் பார்த்து, எண்ணெயைப் பார்த்து, அதன்பின் பெட்டிக்குப் போவதே முறை. செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததை நோக்கிச் செல்லும் இந்த வரிசை, எந்தப் பட்டறையின் சுவரிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. லாரியோடு வாழ்ந்து முதிர்ந்த கைகளில் அது இருக்கிறது. அக்கைகள் ஓய்வதற்குள் கேட்டுக்கொள்வது நம் கடமை.