மந்தப் பிள்ளை யார்?

சென்ற கோடை விடுமுறையில் நம் மறைக்கல்விச் சிறாரைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். அவர்களுள் ஒருவன் கொத்தனாரின் மகன், வயது பன்னிரண்டு. செபங்களை மனப்பாடமாய் ஒப்புவிக்க இயலாதவன். அவனை 'மந்தப் புத்திக்காரன்' என்று பிறர் முன்னிலையில் ஒருமுறை கடிந்துகொண்டவரும் நாமே.

இராஜகிரியின் அடிவாரத்தில், அடுக்கடுக்காய் உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலைக் கண்டோம். அங்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொண்டுவந்தனர் என்பதைக் கூறி, "நீர் எவ்வாறு மேலே ஏறும்?" என வினவினோம். முதல் மதிப்பெண் பெறுவோர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அச்சிறுவன் தயங்கியவாறு, "சாமி, தண்ணி புறப்படுற இடம் இன்னும் உசரமா இருந்தா தானா ஏறும். எங்கப்பா டியூப்புல தண்ணி ஊத்தித்தான் சுவருக்கு மட்டம் பாப்பாரு" என்றான்.

நாம் நாணினோம். அவனது அறிவு கண்ணிலும் கையிலும் இருந்தது. நாமோ அதை நாவில் மட்டுமே தேடியிருந்தோம்.

மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிக் குருமடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. 1907-ல் உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் சிறுவர் இல்லம் தொடங்கியவர். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியவர். பிள்ளை தொட்டும் எடுத்தும் அடுக்கியும் பழகுகையிலேயே கருத்து அதன் உள்ளத்தில் பதிகிறது என்று கண்டவர் அவர். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பரவியது. அங்குப் பிள்ளைகள் பாயில் அமர்ந்து, பாட அட்டைகளைத் தாமே எடுத்து, தத்தம் வேகத்தில் பயின்றனர். உடல், ஒழுக்கம், அறிவு மூன்றும் இசைந்து வளர வேண்டுமென 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய தன் அறிக்கையில் கூறிற்று. அதைப் படித்திருந்தும் நாம் மறந்துபோனோம்.

மறுநாள் மாலை அவன் இல்லம் சென்றோம். "படிப்பு ஏறல சாமி, இந்த வருஷத்தோட நிறுத்திட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்" என்றார் தந்தை. அவ்வெண்ணத்தை விதைத்தவருள் நாமும் ஒருவர் என்பது முள்ளாய்த் தைத்தது. கோட்டையில் நடந்ததை விவரித்து, பெற்றோர் முன்னிலையில் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தந்தை நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "நான் மட்டம் பாக்கறத இவன் கவனிச்சான்னே எனக்குத் தெரியாது சாமி" என்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பையன் சென்றான்.

அன்பார்ந்த பெற்றோரே! பிள்ளை வீடு திரும்பியதும் மதிப்பெண்ணை விசாரிக்குமுன், "இன்று எதைக் கவனித்தாய்? என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமாகலாம். காத்திருங்கள்.