போன வருஷத்தைக் கணிப்பது எப்படி?

2022 சீசனில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி 17 ஆட்டங்களில் 13-ஐ வென்றது. அந்த 17 ஆட்டங்களிலும் அது எடுத்த புள்ளிகள் 424. எதிராளிகளுக்கு விட்டுக்கொடுத்தவை 427. ஊரே மெச்சும்படி ஜெயித்த அணி மொத்தக் கணக்கில் 3 புள்ளி கடன்பட்டு நிற்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் இதைவிட ருசியான வரவு செலவுக் கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை. பிரித்துப் பார்த்தால் மர்மம் விலகும். நான்கு தோல்விகளில் மட்டும் 89 புள்ளி நஷ்டம். டல்லஸ் அணியிடம் சொந்த மைதானத்திலேயே 40-3 என்று வாங்கிய அடியும் அதில் சேர்த்தி. பதின்மூன்று வெற்றிகளிலும் சேர்ந்து கிடைத்த லாபம் 86. அவற்றில் 11 வெற்றிகள் எட்டுப் புள்ளிக்குள் வந்தவை, அதாவது எதிராளி இன்னும் ஒரே ஒரு டச்டவுன் போட்டிருந்தால் கதை மாறியிருக்கும். அந்த 17 ஆட்டங்களுக்குள் அப்படி இழுபறியாக முடிந்தவற்றில் அவர்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். நவம்பர் 13, பஃபலோ நகரம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை; பஃபலோ பில்ஸ் 27-23 என்று முன்னிலை. வைக்கிங்ஸின் கடைசி முயற்சி கோல் கோட்டை ஒட்டித் தடுக்கப்பட்டு, பந்து பஃபலோவின் கைக்கு மாறிவிட்டது. இனி அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் பந்தை வாங்கி, நான்கு அடி முன்னால் சாய்ந்து, கடிகாரத்தை ஓட விடுவதுதான். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஆயிரக்கணக்கான முறை செய்த காரியம். அந்த ஒரு முறை பந்து கையில் நிற்கவில்லை. நழுவிக் கோட்டுக்குப் பின்னால் விழுந்த பந்தின்மேல் வைக்கிங்ஸின் எரிக் கெண்ட்ரிக்ஸ் போய் விழுந்தார்: டச்டவுன். பஃபலோ எப்படியோ சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் வைக்கிங்ஸ் 33-30 என்று ஜெயித்தது. அடுத்த மாதம் இண்டியானாபொலிஸ் அணியிடம் இடைவேளையில் 0-33 என்று கிடந்து, கடைசியில் 39-36 என்று வென்றார்கள். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் அவ்வளவு பள்ளத்திலிருந்து எழுந்துவந்த அணி வேறு இல்லை. புள்ளிப்பட்டியலிலோ இரண்டுக்கும் ஆளுக்கொரு வெற்றி, அவ்வளவுதான். எதிராளியை ஆரம்பத்திலிருந்தே மிதித்து ஜெயித்தாலும் அதே ஒன்றுதான் ஏறும்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் 32 அணிகளின் ஜாதகத்தையும் எழுதுகிறவர்கள் கையில் முதலில் எடுப்பது இந்தப் பட்டியலைத்தான். யார் வந்தார், யார் போனார், பயிற்சியாளர் புதியவரா என்றெல்லாம் கூட்டிக் கழித்தாலும் அடித்தளம் போன வருஷத்து எண்ணிக்கையே. எதிர்காலம் யாருக்கும் தெரியாது என்பதால் கணிப்பு பொய்க்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். என் வாதம் வேறு. போன வருஷம் நடந்தது என்ன என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. அதுதான் முதல் கோளாறு. 32 நாணயங்களை எடுத்து ஒவ்வொன்றையும் 17 முறை சுண்டிப் பாருங்கள். சராசரியாக இரண்டு நாணயங்கள் 12 அல்லது அதற்கு மேல் பூ காட்டும் என்பது கணக்கு. இன்னும் இரண்டு, ஐந்துக்கு மேல் போகாது. எந்தத் திறமையும் இல்லாத நாணயங்களுக்கே கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று வாய்ப்பும் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பும் அவமானமும் கிடைத்துவிடுகின்றன. புள்ளியியல்படி, நாணயங்களின் வெற்றிகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு 2. நிஜ அணிகளுக்கு அது ஏறத்தாழ 3. வர்க்கப்படுத்தினால் 4-க்கு 9. பட்டியலில் தெரிகிற ஏற்றத்தாழ்வில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு அதிர்ஷ்டத்தின் கைவேலை. பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டம், கூடைப்பந்தில் 82; அங்கே அதிர்ஷ்டம் தேய்ந்துபோக அவகாசம் உண்டு. இங்கே 17 முடிந்தால் கடை கட்டியாயிற்று. போதாததற்குப் பந்தின் வடிவம் வேறு. இரு முனையும் கூம்பிய பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. நழுவவைப்பதில் திறமை உண்டு. நழுவிய பந்து யார் மடியில் விழுகிறது என்பதில் பெரும்பாலும் இல்லை.

அதிர்ஷ்டம் இவ்வளவு செல்லுபடியாகும்படி அணிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது தற்செயலாக அமைந்ததும் அல்ல; ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. பெர்ட் பெல் பிலடெல்ஃபியாவின் பணக்கார வீட்டுப் பிள்ளை. தகப்பனார் பென்சில்வேனியா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். 1933-இல் கூட்டாளியோடு சேர்ந்து ஈகிள்ஸ் அணியை வாங்கினார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கல்லூரியை விட்டு வெளிவரும் நல்ல ஆட்டக்காரர்கள் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போனார்கள். அதனால் அந்த அணிகள் ஜெயித்தன. ஜெயித்ததால் அடுத்த வருஷமும் நல்ல ஆட்டக்காரர்கள் அங்கேயே போனார்கள். 1935-இல் உரிமையாளர்கள் கூட்டத்தில் பெல் ஒரு யோசனை சொன்னார்: கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலிலிருந்து, கடைசி இடம் பிடித்த அணி முதலில் பொறுக்கட்டும், முதலிடம் பிடித்தவன் கடைசியில் வரட்டும். சிகாகோவின் ஜார்ஜ் ஹாலஸும் நியூயார்க்கின் டிம் மாராவும், நஷ்டப்படப் போகிறவர்களே, இதற்குத் தலையாட்டினார்கள் என்பது இன்றும் ஆச்சரியம்தான். 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. கடைசி இடம் பிடித்திருந்தது ஈகிள்ஸ் என்பதால் முதல் வாய்ப்பு யோசனை சொன்னவருக்கே. அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர், இன்று ஹைஸ்மன் என்று அழைக்கப்படும் கோப்பையை முதன்முதலில் வாங்கிய ஜே பெர்வாங்கரை பெல் தேர்ந்தெடுத்தார். பெர்வாங்கருக்கு ஈகிள்ஸோடும் ஒத்துவரவில்லை, அவர் உரிமையை வாங்கிய சிகாகோவோடும் ஒத்துவரவில்லை. ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் நுரைரப்பர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். செலவை மிச்சம்பிடிக்கத் தானே பயிற்சியாளராக நின்ற பெல்லின் அணி அந்த வருஷம் 12 ஆட்டங்களில் 11-இல் தோற்றது. உலகின் முதல் டிராஃப்ட் கணிப்பே இப்படித்தான் ஆரம்பித்தது.

பெல் மனம் தளரவில்லை. 1946-இல் லீகின் கமிஷனரானதும் ஆட்ட அட்டவணையைத் தானே போட ஆரம்பித்தார். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டோமினோ கட்டைகளை அணிகளாக வைத்து நகர்த்தி நகர்த்தி அடுக்குவார். சீசனின் தொடக்கத்தில் வலுவான அணி வலுவானதோடும் நோஞ்சான் நோஞ்சானோடும் மோதும்படி பார்த்துக்கொள்வார். அப்போதுதான் நவம்பர் வரை எல்லா ஊர்க்காரனுக்கும் டிக்கெட் வாங்கக் காரணம் இருக்கும். எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் எந்த அணியும் எந்த அணியையும் சாய்க்கலாம் என்ற வாக்கு அவர் பெயரில் வழங்குவது பொருத்தமே. 1959 அக்டோபரில் ஈகிள்ஸும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ஆடிக்கொண்டிருந்த மைதானத்திலேயே மாரடைப்பில் இறந்தார். இரண்டுமே அவர் ஒரு காலத்தில் சொந்தம் கொண்டாடிய அணிகள். அவருக்குப் பின்னும் அதே திசையில்தான் லீக் நடந்தது. 1994-இல் சம்பள உச்சவரம்பு வந்தது. முதல் வருஷம் ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர், 2024-இல் 25.54 கோடி. ஜெயித்த அணியின் ஆட்டக்காரர்கள் விலை ஏறும், உச்சவரம்பு இடிக்கும், இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்கள் வேறு ஊருக்குப் போவார்கள். இன்றைய அட்டவணையிலும், போன வருஷம் முதலிடம் பிடித்தவனுக்குச் சில ஆட்டங்களாவது இன்னொரு முதலிடத்தானோடுதான். விளைவு: 1990-இலிருந்து பல பத்தாண்டுகள், ஒவ்வொரு சீசனிலும் முந்தைய ஆண்டு பிளேஆஃப் காணாத நான்கு அணிகளாவது உள்ளே வந்துகொண்டே இருந்தன. கணிப்பு தவறுவதை இந்த லீகின் குறையாகப் பார்க்கிறவர்கள், சரக்கைக் குறையென்று நினைக்கிறார்கள். லீக் விற்பதே அதைத்தான்.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டுக் கணித்தால் போயிற்றே? நியாயமான கேள்வி. வைக்கிங்ஸின் புள்ளிக் கணக்கைப் பார்த்தவர்கள் அது உண்மையில் எட்டு, ஒன்பது வெற்றிக்கான அணி என்று 2023-க்கு முன்பே சொன்னார்கள். அந்த வருஷம் 7 வெற்றி, 10 தோல்வி. குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் அக்டோபர் கடைசியில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினாரே, அதனால்தானே என்றால், அவர் நலமாக இருந்தபோதே முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கைத் தோற்றிருந்தார்கள். நான்குமே எட்டுப் புள்ளிக்குள். போன வருஷம் வலப்பக்கம் துள்ளிய பந்து இந்த வருஷம் இடப்பக்கம் துள்ளியது. புள்ளியியல்காரர் வென்றார் என்று கைதட்டுவதற்குள் 2024 வந்தது. வருங்கால நாயகனாக வாங்கிய இளம் குவார்ட்டர்பேக் ஆகஸ்டிலேயே முழங்காலில் அடிபட்டு உட்கார, பல அணிகள் கைகழுவிய சாம் டார்னல்ட் இறங்கினார். அந்த சீசனில் 14 வெற்றி, 3 தோல்வி. 13, 7, 14. அதிர்ஷ்டத்தைக் கழிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கண் திறக்கிறது. மற்றொன்று மூடியேதான் இருக்கிறது.

அப்படியென்றால் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்? 2001 முதல் 2019 வரை 19 சீசன்களில் 17 முறை தங்கள் பிரிவில் முதலிடம். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ்? 2016 முதல் 2024 வரை தொடர்ந்து ஒன்பது முறை. இவர்களைக் கணிக்க முடியவில்லையா என்பார்கள். முடிந்தது, ஆனால் அதில் என்ன கெட்டிக்காரத்தனம்? வெயில்காலத்தில் நாளையும் வெயில் என்று சொல்கிறவரை யாரும் வானிலை நிபுணர் என்று அழைப்பதில்லை. ஒரு சாம்ராஜ்யம் எப்போது எழும், எப்போது சரியும் என்பதுதான் கணிப்பின் சோதனை. டாம் பிரேடி 2000 டிராஃப்டில் 199-ஆவதாக எடுக்கப்பட்டவர். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகளை நிபுணர்கள் பொறுக்கியிருந்தார்கள். முதல் நிலை குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்சோ 2001 செப்டம்பரில் அடிபட்டிருக்காவிட்டால் அவர் எப்போது களம் கண்டிருப்பாரோ. அந்த சீசன் முடிவில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் 14 புள்ளி வித்தியாசத்தில் தோற்பார்கள் என்று பந்தயக்காரர்கள் சொன்ன அணி, 20-17 என்று கோப்பையைத் தூக்கியது.

ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களை நேரில் பார்த்து எழுதுகிறோமே என்பது அடுத்த ஆட்சேபம். 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ் நான்கு பயிற்சி ஆட்டங்களையும் ஜெயித்தது. சீசன் தொடங்கியதும் 16 ஆட்டங்களையும் தோற்றது. 2017-இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அதே நான்கையும் ஜெயித்து, அதே பதினாறையும் தோற்றது. 2023-இல் நியூயார்க் ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸைக் கொண்டுவந்து நகரமே கனவு கண்டது. முதல் ஆட்டத்தில், நான்காவது ஆட்டவீச்சிலேயே அவர் குதிகால் தசைநாண் அறுந்தது. பந்தய நிறுவனங்களைப் பாருங்கள், தவறினால் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். பெரும்பாலான அணிகளை 6 வெற்றிக்கும் 11 வெற்றிக்கும் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். 15 என்றும் 2 என்றும் எழுதுகிற துணிச்சல், தவறினால் ஒன்றும் போகாதவர்களுக்குத்தான். யோக்கியமான கணிப்பு சப்பென்றுதான் இருக்கும்: 13 ஜெயித்தவன் 10 ஜெயிப்பான், 4 ஜெயித்தவன் 7 ஜெயிப்பான். இதை அட்டையில் போட்டுப் பத்திரிகை விற்க முடியாது.

பிறகு எதற்குக் கணிப்பது? இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஜனாதிபதி நிக்சன் வழியாக வருகிறது. கால்பந்துப் பைத்தியமான அவர் 1972 ஜனவரியில் மயாமி டால்ஃபின்ஸ் பயிற்சியாளர் டான் ஷூலாவைத் தொலைபேசியில் அழைத்து, சூப்பர் பவுலில் மயாமியின் ஆட்டக்காரர் பால் வார்ஃபீல்டுக்கு இன்ன விதமாகப் பந்தை எறியச் சொன்னார். எறிந்து பார்த்தார்கள், கைகூடவில்லை, மயாமி 3-24 என்று தோற்றது. அடுத்த மாதம் நிக்சன் பெய்ஜிங் போனார். அந்தப் பயணத்துக்கு முன் உளவியலாளர்கள் பரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்தும் இஸ்ரேலிய மாணவர்களிடம், மாவோவை அவர் சந்திப்பாரா என்பது போன்ற கேள்விகளுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்தபின், அன்று என்ன எழுதினீர்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட காரியங்களுக்குத் தாங்கள் கூடுதல் வாய்ப்பு கொடுத்திருந்ததாகவே பலரும் சொன்னார்கள். 1975-இல் வெளியான அந்த ஆய்வு, அப்போதே சொன்னேனே என்பவர்களைப் பற்றிய கசப்பான உண்மை: அவர்கள் பொய் சொல்வதில்லை, நினைவு அவர்களுக்குப் பொய் சொல்கிறது. எழுதிவைத்த கணிப்பு ஒன்றுதான் அதற்கு எதிர்சாட்சி.

ஆகவே கணிக்கட்டும். ஆனால் எண்ணோடு, தான் எவ்வளவு உறுதி என்பதையும் எழுதட்டும்; பிப்ரவரியில் அதே தாளை மறுபடி அச்சிடட்டும். 60 சதவீதம் என்று சொன்னவற்றில் பத்துக்கு ஆறு பலித்திருந்தால் அவர் நம்பத் தகுந்த ஆள். பத்தும் பலித்திருந்தால் அவருக்குத் தன் அறிவின் அளவு தெரியவில்லை என்று பொருள். அடுத்த வருஷம் அவர் சொல்வதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே கேட்க வேண்டும்.