அணைக்காத கணினி

எங்கள் இல்லத்திற்கு பிராட்பேண்ட் இணையம் வந்தது 2008ஆம் ஆண்டில். மோடம் முன்னறையில் கணினியின் அருகே இடம்பிடித்தது. அதில் கணினிக் கம்பி செருக ஒரே ஒரு துளைதான் இருந்தது. அதே ஆண்டு, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா எங்கள் மகனுக்கு 'எக்ஸ்பாக்ஸ் 360' என்னும் விளையாட்டுக் கருவியை வாங்கித் தந்தார். கம்பியில்லா இணைப்பு வேண்டுமெனில் அதற்குத் தனிச் சாதனம் வாங்க வேண்டும்.

கணினி பழுது பார்க்கும் இளைஞர் வேறு வழி சொன்னார். கணினியில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் அட்டையைப் பொருத்தி, அதிலிருந்து மகனின் அறைக்குக் கம்பி இழுத்தார். விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டார். எங்கள் இணையம் மகனின் கருவிக்கும் சென்றது. 1999இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இவ்வசதி இருந்ததைப் பின்னர் அறிந்தோம்.

அதன் வேலைமுறையையும் அவர் விளக்கினார். அன்று வழக்கிலிருந்த இணைய முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. கருவிக்கொரு முகவரி என்றால் உலகிற்குப் போதாது. எனவே கணினி, வீட்டிற்குள் 192.168.0.1 என்ற எண்ணைத் தான் வைத்துக்கொண்டு, விளையாட்டுக் கருவிக்கு வேறோர் எண்ணை அளிக்கிறது. வெளியுலகிற்குத் தெரிவது ஒரே முகவரிதான். கேட்டவர் யாரென்று கணினி குறித்துவைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது.

"ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும் ஐயா. கணினியை அணைத்தால் அதுவும் நின்றுவிடும்" என்று சொல்லிச் சென்றார்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. மகன் கணிதத்தில் தவறியிருந்தான். அன்று முதல் உண்பதற்கு மட்டுமே வெளியே வந்தான். இரவெல்லாம் கதவுக்குப் பின்னால் விளையாட்டின் ஓசையும் அவன் தணிந்த குரலும் கேட்கும். தேர்வில் தவறியவனுக்கு விளையாட்டு ஒரு கேடா என்று நாங்கள் உள்ளூரப் புகைந்தோம். ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கணினியை அணைத்துவிட்டோம்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. அவன் சினந்து பேசவில்லை. "அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன் அப்பா" என்று மட்டும் சொல்லித் திரும்பிச் சென்றான்.

மறுநாள் காலை டொராண்டோவிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். "பையன் எப்படியிருக்கிறான், தம்பி? வீட்டை விட்டே போய்விடுகிறேன் என்கிறானாம். ஒரு வாரமாக என் மகன்தான் விளையாடுகிற சாக்கில் பேசிப்பேசி நிறுத்தி வைத்திருக்கிறான். நேற்று பேச்சு பாதியில் அறுந்ததிலிருந்து அவனுக்கு உறக்கமே இல்லை."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாமல் நின்றோம். பத்தடி தொலைவிலிருந்த எங்களிடம் சொல்ல முடியாததை, கடல் கடந்திருந்த அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். அவ்வழியின் வாசலும் எங்கள் கையில்தான் இருந்திருக்கிறது.

அன்றிரவு கணினியை அணைக்கவில்லை. அவன் அறை வாசலில் மோர்க் குவளையை வைத்துவிட்டு, முன்னறையில் விளக்கை எரியவிட்டு அமர்ந்திருந்தோம். நள்ளிரவு கடந்து வெளியே வந்தவன், "இன்னும் தூங்கவில்லையா?" என்றான். "கணினி ஓட வேண்டுமே" என்றோம். அவன் அருகில் அமர்ந்தான். விடியும்வரை பேசினோம்.

அவ்வாண்டின் உடனடித் தேர்வில் அவன் தேறினான்.

இன்று சுவரில் தொங்கும் ஒரு சிறு பெட்டியே வீடெங்கும் இணையத்தைப் பகிர்கிறது. எவரும் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளைகளின் அறைக் கதவு மூடியிருக்கும் இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம் அந்தப் பழைய கணினியை நினைத்துக்கொள்கிறோம். கம்பி இழுத்துக் கொடுத்ததோடு பகிர்வு முடிந்ததென எண்ணியிருந்தோம். மற்றவருக்காக விழித்திருப்பதும் அதில் அடங்கும் என்பதை அந்த ஓர் இரவு எங்களுக்குக் கற்பித்தது.