இன்சுலின் பிறந்த ஊரில்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கனடாவில் வைத்தியம் எல்லாம் இலவசம்தானே என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை இலவசம். இருதய சத்திரசிகிச்சை செய்து வார்டில் கிடந்தாலும் ஹெல்த் கார்டைக் காட்டினால் போதும், பில் வராது. ஆனால் வைத்தியர் எழுதித் தரும் துண்டோடு பாமசிக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது.

இங்கே ஒன்ராறியோவில் 65 வயதானவர்களுக்கும், வேறு காப்புறுதி இல்லாத, 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், சமூக உதவிப் பணம் பெறுபவர்களுக்கும் மருந்துச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. மற்றவர்கள் வேலைத்தலம் தரும் காப்புறுதியை நம்பவேண்டும். ஏஜென்சி மூலம் பக்டரிக்குப் போகிறவர்களுக்கு அது ஏது? டிரிலியம் என்றொரு திட்டம் உண்டு. வருமானத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைச் சொந்தக் காசில் மருந்துக்குக் கட்டிய பிறகுதான் அது கைகொடுக்கும்.

எங்கள் சனத்துக்குச் சீனி வருத்தம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கட்டடத்தில் ஒரு தங்கச்சி மாதக் கடைசியில் இன்சுலின் ஊசியின் அளவைக் குறைத்துப் போடுகிறாள். இன்சுலினைக் கண்டுபிடித்ததே இந்த ரொறன்ரோவில்தான், 1921 இல். அந்த ஆய்வில் இருந்த பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதை நினைக்க நினைக்க எனக்கு மனம் ஆறுவதில்லை.

இலங்கையில் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் வரிசையில் நின்று குளிசை வாங்கிவரும் உங்களுக்கு, மருந்துக்குக் காசு கட்டுவது விசித்திரமாக இருக்கும். 2022 இல் அங்கே மருந்துத் தட்டுப்பாட்டால் பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆனாலும் கையில் இருக்கிற மருந்தைக் காசு கேட்காமல் கொடுக்கிறார்கள்.

இங்கே இருக்கிற இலவசமும் சும்மா கிடைத்ததல்ல. சின்ன வயதில் காலை இழக்கவிருந்தவர் ரொமி டக்ளஸ். ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் காசு வாங்காமல் அந்தக் காலைக் காப்பாற்றினார். பின்னர் டக்ளஸ் முதலமைச்சராக இருந்த சஸ்காட்சுவான் மாகாணத்தில் 1947 இல் ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்றது. 1962 ஜூலையில் வைத்தியர் கட்டணத்தையும் ஏற்றபோது வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. 1964 இல் நீதிபதி எமற் ஹோல் ஆணைக்குழு, நாடு முழுவதற்கும் இந்த ஏற்பாடு வேண்டும், மருந்தும் சேரவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1966 இல் வந்த சட்டம் வைத்தியரை எடுத்துக்கொண்டு மருந்தை விட்டுவிட்டது.

மருந்தையும் சேர்த்தால் செலவு தாங்காது என்கிறார்கள். இன்சுலினை மிச்சம்பிடித்துச் சிறுநீரகம் பழுதானால் டயலிசிஸுக்கு இதே அரசுதான் கட்டுகிறது. காலை எடுக்க நேர்ந்தாலும் அதன் செலவில்தான். அந்தக் கணக்கை யாரும் மேசையில் வைப்பதில்லை.

2024 ஒக்ரோபரில் ஒரு சட்டம் வந்தது. முதற்கட்டமாகக் கருத்தடை மருந்துகளும் நீரிழிவு மருந்துகளும் இலவசம், ஆனால் ஒவ்வொரு மாகாணமும் மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்யவேண்டும். 2025 மார்ச்சுக்குள் மனிற்றோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, யூக்கான் ஆகியவை செய்துகொண்டன. அதில் ஒன்ராறியோ இல்லை. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது இந்தக் கையெழுத்தைத்தான். இங்குள்ள எங்கள் ஆட்களும் கேட்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி, ஸ்காபரோவிலிருந்து