பசு நின்ற ஊரில் பழைய கார்

விருதுநகர் பராசக்தி மாரியம்மனை வணங்கி, திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவித்து, சிவகாசி விசுவநாதரைத் தரிசித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியை அடைய ஒரு பகல் போதும். ஆயினும், பழைய அம்பாசிடரில் புறப்பட்ட குடும்பங்களுக்கு அந்த ஒரு பகல் போதுமானதாக இருந்ததில்லை. 2014ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்றுபோன அந்தக் கார், ஆமத்தூரைத் தாண்டுமுன் தானாகவே இளைப்பாறத் தொடங்கிவிடும்.

கரிசல் பூமியின் வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வாராது. காய்ச்சல்காரரின் நெற்றியில் பற்றுப் போடுவதுபோல், ஓட்டுநர் பம்பின்மேல் ஈரத்துணியைப் போர்த்துவார். யாருடைய துண்டு என்பதில்தான் வழக்கு எழும். ரேடியேட்டர் ஒழுகினால், சூடு ஆறியபின் சமையல் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவதுண்டு; அத்தூள் நுண்ணிய துளைகளைச் சற்று நேரம் அடைக்கும். “அம்மன் பிரசாதத்தில் கை வைக்காதே!” என்று பாட்டியின் குரல் எழுந்தபின்னரே வேறு பொட்டலம் தேடப்படும்.

பொறி தராத வண்டிக்கு வைத்தியம் இந்த ஊர்ப் பொருளே. 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலைக் கொணர்ந்தனர். அத்தீப்பெட்டியின் உரசும் பட்டையைக் கிழித்து, டிஸ்ட்ரிபியூட்டரின் கரிபிடித்த பாயிண்ட்டுகளைத் தேய்த்தால் வண்டி உயிர்பெறும். குச்சிக்கு நெருப்பைத் தரும் பட்டை, காருக்கும் பொறியைத் தந்தது.

வண்டி நின்றதை எண்ணி வருந்துவோருக்கு இவ்வூரின் தலவரலாறே ஆறுதல். அரிகேசரி பராக்கிரம பாண்டியன், தென்காசியில் நிறுவுவதற்காகக் காசியிலிருந்து சிவலிங்கத்தைக் கொண்டுவந்தான். வழியில் வில்வ வனத்தில் தங்கியபோது, லிங்கத்தைச் சுமந்த பசு அவ்விடம் விட்டு நகர மறுத்தது. மன்னன் அதை அடித்து ஓட்டவில்லை. இறைவன் திருவுள்ளம் அதுவென உணர்ந்து, அங்கேயே பிரதிஷ்டை செய்தான். அவ்விடமே சிவகாசி.

கைப்பிரேக் பிடிக்காத வண்டிக்குச் சக்கரத்தின் அடியில் கல்லை அண்டக் கொடுப்பதும் வழக்கமே. ஆடிப்பூரத்தில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் பெருந்தேருக்கும் முட்டுக்கட்டை உண்டு. ஆனால் அதை இடுபவர்கள் கைதேர்ந்தவர்கள். அவர்களுடைய கண் ஒரு கணமும் சக்கரத்தை விட்டு அகலாது. காருக்கு இட்ட கல்லை நம்பிக் குழந்தைகளை உள்ளே விட்டுச் செல்வதோ பெரும் பிழை.

இவற்றுள் சிரிப்புக்கு இடமே இல்லாத வைத்தியம் ஒன்றுண்டு. பெட்ரோல் டாங்கியில் கசிவு கண்டால் சலவைச் சோப்பைக் குழைத்து அப்புவார்கள், கசிவு அடங்கும். அம்பாசிடரின் டாங்கி இருப்பதோ டிக்கியின் அடியில். தரிசனம் முடித்துத் தீபாவளிக்கு வாங்கும் பட்டாசுப் பெட்டிகளைக் குடும்பங்கள் வைப்பதும் அதே டிக்கியில்தான். சோப்பு, பட்டறை வரை கொண்டுசேர்க்கும். வீடு வரை காக்கும் என்று எண்ணலாகாது. இன்றும் பழைய வண்டியில் இவ்வழி வரும் அன்பர்கள், டாங்கியையும் பிரேக்கையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பின்னரே புறப்படுதல் நலம். வழியில் கசிவு கண்டால் பட்டாசு வாங்குவதைத் தவிர்த்து, நேரே பட்டறைக்குச் செல்ல வேண்டும். சந்நிதி அடைத்துவிடுமோ என்ற பதற்றம் வேண்டா. மறுநாள் காலையும் கதவு திறக்கும்.