கொல்லைக் கோழிகள்



மஃரிப் பாங்குக்கு முன்பே கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து, மேலே கல் ஏற்றிவிடுவது எங்கள் உம்மாவின் வழக்கம். அவ்வேலை என் பொறுப்புக்கு வந்தபின், ஒரு நோன்பு இரவில், தராவீஹுக்குச் செல்லும் அவசரத்தில் கல்லை வைக்க மறந்தேன். சஹருக்கு எழுந்து பார்த்தால், கொல்லையெங்கும் இறகுகள். 21 நாட்கள் அடைகாத்த தாய்க்கோழி குதறப்பட்டுக் கிடந்தது. 9 குஞ்சுகளில் 2 மட்டும் விறகடுக்கின் இடுக்கில் நடுங்கிக்கொண்டிருந்தன. கீரியைத் திட்டித் தீர்த்தேன்.

"கீரிக்கு அது இரை, மகளே. உனக்கு அது அமானிதமல்லவா?" என்றார் உம்மா.

இப்போது பஞ்சாரம் இல்லை. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய மரக்கூடு. உங்கள் வீட்டிலும் கூடு இருப்பின், வலையின் கண்ணைக் கவனியுங்கள். பெரிய கண் வலை கோழியைத் தடுக்குமேயன்றிக் கீரியைத் தடுக்காது. அரையங்குலக் கண்ணே ஏற்றது. வெள்ளைக் கழிச்சல் கீரியினும் கொடியது, வந்தபின் மருந்தில்லை. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் லசோட்டா சொட்டு மருந்தும், 8ஆம் வாரம் தடுப்பூசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுகிறேன்.

இஷாவுக்குப் பின் விளக்கோடு சென்று தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். படுக்குமுன் மீண்டும் ஒருமுறை. பிள்ளைகள் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும்.