இதயத்தில் ஓர் ஓசை

1983ஆம் ஆண்டு சனவரித் திங்கள். கரோல்பாக்கில் மூன்றாம் மாடிக்கு மேலே ஒரு பர்சாத்தியில் நாங்கள் குடியிருந்த காலம். ஐந்து வயது மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தெருக்கோடியில் இருந்த பஞ்சாபி டாக்டரம்மாள் அவன் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் சுருங்க மறுபடியும் கேட்டார். "தில் மே ஆவாஸ் ஹை" என்றார். ‘தில்’ என்னும் சொல்லைச் சினிமாப் பாட்டில் மட்டுமே கேட்டுப் பழகியிருந்த எங்களுக்கு அன்று அது வேறு சொல்லாக ஒலித்தது.

ஊருக்கு எழுதிய கடிதத்தில் ‘மர்மர்’ என்று குறிப்பிட்டோம். கும்பகோணத்தில் பாட்டி அதை ‘மர்மம்’ என்று படித்துவிட்டுச் சூரியனார்கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். அவர் படித்ததும் தவறென்று சொல்வதற்கில்லை. பத்து நாள்கள் எங்களுக்கு அது மர்மமாகவே இருந்தது. இரவில் மகன் உறங்கியபின் அவன் மார்பில் காதை வைத்துக் கேட்போம். எங்கள் காதில் விழுந்ததெல்லாம் எங்கள் அச்சந்தான்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் இதயநோய்ப் பிரிவுக்குப் போனபோது, ஊரிலிருந்து உதவிக்கு வந்திருந்த இல்லாளின் தங்கையும் உடன் வந்தாள். பிள்ளைகளுக்குச் சித்தி, அப்போது இருபத்துநான்கு வயது. நடுவயது மருத்துவர் மகனைப் படுக்க வைத்துக் கேட்டார். உட்கார வைத்துக் கேட்டார். பிறகு எங்களை அமரச்சொல்லி, காவிரிக்கரைக்காரர்கள் என்று அறிந்ததனாலோ என்னவோ, ஆற்றைக் கொண்டே விளக்கினார்.

அகன்ற ஆற்றில் ஓசையின்றி ஓடும் நீர் மதகில் இரைகிறது. குருதியும் அப்படித்தான். இதயத்தின் நான்கு அறைகளுக்கும் நான்கு வால்வுகள். அவை மூடும் ஓசையே ‘லப்-டப்’. ஓட்டம் எங்கேனும் சுழித்தால் இடையில் ஓர் இரைச்சல் எழும். அந்த இரைச்சல் நோயன்று. ஓர் அடையாளம் மட்டுமே. நலமுள்ள குழந்தைகள் பலரிடமும் அது கேட்கும். காய்ச்சலிலும் சோகையிலும் குருதி விரைந்தோடுவதால் ஓங்கிக் கேட்கும், உட்கார்ந்தால் தணியும். எங்கள் மகனுடையது தம்பூராவின் நரம்பைத் தொட்டாற்போன்ற இனிய ஓசையாம். ஓசை பெரிதாயிருந்தால் நோயும் பெரிதென்று எண்ணவேண்டா என்றும், அறைகளுக்கு நடுவிலுள்ள சிறு துளை பேரிரைச்சல் எழுப்பும், பெருந்துளை சிலபோது அடங்கியே இருக்கும் என்றும் சொன்னார். மின்வரைபடமும் எக்கோவும் எடுத்துப் பார்த்து, மகனுக்கு ஒன்றுமில்லை, மருந்தும் வேண்டா, ஓடி விளையாடட்டும் என்று அனுப்பினார். பதினான்கு வயதுக்குள் அந்த ஓசை தானே மறைந்துபோயிற்று.

விடைபெற்று எழுந்தபோது அவர் பார்வை சித்திமேல் விழுந்தது. "இந்தப் பெண் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாள்?" என்றார்.

இங்கே எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பர்சாத்திப் படிகளில் அவள் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறுவாள். "ஊர்ச் சோம்பலை ரயிலேற்றிக் கொண்டுவந்திருக்கிறாய்" என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. அவளும் சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

மருத்துவர் அவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெடுநேரம் கேட்டார். தொலைவு இடி உருள்வதுபோல் தாழ்ந்து ஒலிக்கும் ஓசை அது. அப்படிப் படுக்கவைத்துத் தேடினாலன்றி எளிதில் அகப்படாது. "சிறுவயதில் மூட்டுவலி வந்ததா?" என்று கேட்டார். வந்தது. பத்து வயதில், தொண்டைப்புண் ஆறிய சில வாரங்களில், காய்ச்சலோடு முழங்காலில் தொடங்கிய வலி கணுக்காலுக்கும் முழங்கைக்கும் தாவியது. வாதம் என்று எண்ணெய் தடவினார்கள், வலியும் போயிற்று. தொண்டையைத் தாக்கிய கிருமியை எதிர்த்த உடல், தன் இதய வால்வையே தழும்பாக்கிவிட்டது. மூட்டு முழுதும் தேறியது. மிட்ரல் வால்வு ஆண்டுக்காண்டு குறுகிக்கொண்டே வந்தது.

1816இல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூசிக் காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கினார். அந்தக் கூச்சத்தில் பிறந்ததே ஸ்டெதஸ்கோப். எங்கள் பக்கத்துக் கூச்சமோ அந்தக் குழாயையும் ரவிக்கைக்கு மேலேயே நிறுத்திவிட்டது.

அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கருவுற்றால் குருதியின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், குறுகிய வால்வு அதைத் தாங்காது, முதலில் சிகிச்சை என்றார் மருத்துவர். சிகிச்சை செய்வோம், ஆனால் வெளியே சொல்லவேண்டா என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள், நாங்களும் தலையசைத்தோம். அவள்தான் மறுத்தாள். "தழும்பை எத்தனை நாள் புடவையால மூடறது, அத்திம்பேர்? அவாளுக்குத் தெரிஞ்சே வரட்டும்" என்றாள்.

அவ்வாண்டு ஏப்ரலில் இடப்பக்க விலாவைத் திறந்து, துடித்துக்கொண்டிருந்த இதயத்துக்குள் விரலையும் கருவியையும் செலுத்தி வால்வை விரித்தார்கள். (இன்று பலருக்கும் தொடை வழியே பலூனைச் செலுத்தியே அதைச் செய்துவிடுகிறார்கள்.) செய்தி கேட்டு ஒரு வரன் விலகிற்று. இரண்டாண்டு கழித்து ரயில்வேயில் பணியாற்றிய ஒருவர் எல்லாம் அறிந்தே மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். நோய் மீளாதிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. நாற்பது வயது வரை ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. ஊசி போட்ட நாள்களைச் சமையலறை நாள்காட்டியில் மஞ்சளால் பொட்டிட்டு வைத்திருப்பாள்.

2004இல் அந்த வால்வு மீண்டும் குறுகியபோது மாற்றவேண்டியதாயிற்று. திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வையே வைத்தார்கள். அன்றுமுதல் குருதி உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை. அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி குருதிச் சோதனை. கீரையை அடியோடு விடவேண்டியதில்லை, ஒரே அளவாக உண்டால் போதும் என்று தெரிந்தபின் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியைச் சொல்லி மாளாது.

சென்ற தீபாவளிக்கு அவள் வந்திருந்தாள். எங்கள் மகனின் மகள் அவள் மடியில் சாய்ந்து மார்பில் காதை வைத்தவள் தலை நிமிர்ந்து, "பாட்டி, உள்ளே கடிகாரம் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி கண்ணு, திருவனந்தபுரத்துக் கடிகாரம்" என்றாள் சித்தி.